ஒரே ஏற்பி, வேறு உடல்: 2006 லண்டன் மருந்துச் சோதனை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2006 மார்ச் 13, திங்கட்கிழமை. லண்டன் மாநகரின் வடமேற்கே உள்ள நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் நடத்திவந்த சோதனைப் பிரிவில், நோய்நொடி ஏதும் இல்லாத எட்டு ஆண்கள் படுக்கைகளில் காத்திருந்தார்கள். அன்று காலை அவர்களில் ஆறு பேருக்கு ஒரு புதிய மருந்து நரம்பு வழியாக ஏற்றப்பட்டது. மற்ற இருவருக்கு மருந்தில்லாத வெற்றுத் திரவம். அந்த மருந்து அதற்கு முன் எந்த மனித உடலுக்குள்ளும் போனதில்லை. குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள், குரங்குகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அன்று நள்ளிரவுக்குள் ஆறு பேரும் உயிருக்குப் போராடும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

இந்த நிகழ்வைச் சட்டம், ஒப்புதல் படிவம், இழப்பீடு என்று பல பக்கங்களிலிருந்து அலசியிருக்கிறார்கள். இங்கே ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன். மருந்து போய் ஒட்ட வேண்டிய புரதம் குரங்குக்கும் மனிதனுக்கும் ஒரே மாதிரி இருந்தது. அப்படியிருக்க, இரண்டு உடல்களும் ஏன் இவ்வளவு வேறாக நடந்துகொண்டன? இதற்கு முழு விடை கிடைக்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்த விடை 2006க்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தச் சோதனை இந்த வடிவில் நடந்திருக்கவே வாய்ப்பில்லை.

பின்னணி: மருந்து என்ன செய்ய வேண்டியிருந்தது

மருந்தின் பெயர் டிஜிஎன்1412. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இயங்கிய டெஜெனெரோ என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய ஆன்டிபாடி அது, அதாவது ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் புரதம். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களின் மேற்பரப்பில் சிடி28 என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் புரதம், இருக்கிறது. அந்தப் புரதத்தைப் பிடித்துத் தூண்டுவதுதான் இந்த மருந்தின் வேலை.

சிடி28 என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வங்கி லாக்கரை நினைத்துக்கொள்ளலாம். நம்மிடம் ஒரு சாவி, வங்கி அதிகாரியிடம் ஒரு சாவி. இரண்டையும் போட்டால்தான் கதவு திறக்கும். டி செல்லும் அப்படித்தான். கிருமியின் துண்டு ஒன்றை இன்னொரு செல் ஏந்தி வந்து காட்டுவது முதல் சாவி. அதே நேரத்தில் சிடி28 வழியாக வரும் சமிக்ஞை இரண்டாவது சாவி. இரண்டும் சேர்ந்தால்தான் டி செல் விழித்தெழுந்து பெருகும், மற்ற செல்களை உசுப்பும். ஒரு சாவி மட்டும் என்றால் பேசாமல் இருந்துவிடும். நம் உடலையே நம் டி செல்கள் கண்டபடி தாக்காமல் இருக்க இந்த ஏற்பாடு மிகவும் அவசியம்.

டிஜிஎன்1412 இந்த ஏற்பாட்டைத் தாண்டிப் போகக்கூடியது. சிடி28இன் பக்கவாட்டில் ஒரு குறிப்பிட்ட வளைவில் அது ஒட்டும்போது, முதல் சாவி இல்லாமலேயே டி செல் விழித்துக்கொள்கிறது. இத்தகைய ஆன்டிபாடிகளைப் ‘பெருந்தூண்டி’ வகை என்கிறார்கள்.

இதைக் கேட்கும்போதே பயமாக இருக்கிறதே, இதை எதற்கு மருந்தாக்கினார்கள் என்று தோன்றலாம். அதற்கு நியாயமான காரணம் இருந்தது. எலிகளில் இதே வகை ஆன்டிபாடியைக் கொடுத்தபோது, மற்ற டி செல்களைக் காட்டிலும் ‘கட்டுப்படுத்தும் டி செல்கள்’ அதிகமாகப் பெருகின. நோயெதிர்ப்பு மண்டலத்தின் வேகத்தைத் தணிக்கும் செல்கள் இவை. எலிகளுக்கு வரவழைக்கப்பட்ட மூட்டுவாதமும் நரம்பு மண்டல அழற்சி நோயும் குறைந்தன. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் முடக்குவாதம் போன்ற நோய்களுக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் இது உதவும் என்று நம்பினார்கள். முடக்குவாதத்தால் காலையில் விரலை மடக்க முடியாமல் தவிக்கும் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கையின் அருமை தெரியும். இந்த நிகழ்வில் யாரும் பேராசையால் கண்மூடிக் குதித்ததாக நான் நினைக்கவில்லை.

குரங்கிடம் கேட்கப்பட்ட கேள்வி

மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்கில் சோதிக்க வேண்டும். எலிக்கு வேலை செய்த ஆன்டிபாடி வேறு, மனித சிடி28க்காக வடிவமைத்த ஆன்டிபாடி வேறு. மனித வடிவத்தை எலியில் சோதித்துப் பயனில்லை, அது எலியின் புரதத்தில் ஒட்டாது. ஆகவே எந்த விலங்கின் சிடி28 மனித சிடி28ஐ ஒத்திருக்கிறது என்று தேடினார்கள். தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த நீள்வால் மக்காக் குரங்கு கிடைத்தது. நம் ஊர்க் கோயில் வாசல்களில் வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் நாட்டுக்குரங்கின் நெருங்கிய உறவு அது. இரண்டும் ஒரே பேரினம்.

இந்தக் குரங்கின் சிடி28 புரதத்தில் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, அது மனிதப் புரதத்துடன் அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் ஒத்திருந்தது. மருந்து ஒட்டும் அந்த வளைவும் அப்படியே இருந்தது. மருந்து குரங்கின் செல்லிலும் நன்றாகவே ஒட்டியது. ஆக, இதுதான் சரியான விலங்கு என்று முடிவு செய்தார்கள்.

குரங்குகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை, வாரம் ஒரு முறை வீதம் நான்கு வாரம் கொடுத்தார்கள். சில குரங்குகளில் சைட்டோகைன்கள் எனப்படும் தூதுப் பொருட்கள் மிதமாகக் கூடின. ஆபத்தான அறிகுறி எதுவும் தென்படவில்லை. 50 மில்லிகிராம்வரை பாதகமில்லை என்று பதிவானது.

கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். ‘இந்தப் புரதம் இரண்டு உடலிலும் ஒரே மாதிரி இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். ஆம் என்ற விடை சரியான விடைதான். ‘இந்தப் புரதம் எந்தெந்தச் செல்லின் மேல், வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அந்தச் செல்லைத் தடுத்து நிறுத்த வேறு என்னென்ன இருக்கிறது?’ என்று கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். ஒரே பூட்டை இரண்டு வீட்டில் மாட்டியிருக்கலாம். ஒரு வீட்டில் அது பரண் கதவில் இருக்கிறது, இன்னொரு வீட்டில் வாசல் கதவில் இருக்கிறது.

அளவு எப்படி முடிவானது

மனிதருக்கான முதல் அளவைக் கணக்கிட்ட முறை அன்றைய நடைமுறைக்கு உட்பட்டதே. குரங்குக்குப் பாதகமில்லாத 50 மில்லிகிராமை மனித உடல் பரப்புக்கு ஏற்ப மாற்றினால் கிலோவுக்கு 16 மில்லிகிராம். பாதுகாப்புக்காகப் பத்தில் ஒரு பங்காக்கினால் 1.6. அதையும் இன்னும் குறைத்து, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்தார்கள். குரங்குக்குக் கொடுத்ததில் ஐந்நூறில் ஒரு பங்கு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தமே 7 மில்லிகிராம்தான்.

தாளில் பார்த்தால் இது மிகுந்த எச்சரிக்கையாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரே ஆணியில் தொங்குகிறது: குரங்கின் உடலும் மனித உடலும் இந்த மருந்துக்கு ஒரே விதமாகப் பதில் சொல்லும் என்பது. அந்த ஆணி கழன்றால் ஐந்நூறால் வகுத்தாலும் பயனில்லை.

வேறொரு வழியிலும் கணக்குப் போட்டிருக்கலாம். எவ்வளவு கொடுத்தால் தீங்கு வராது என்பதற்குப் பதிலாக, எவ்வளவு கொடுத்தால் மனித செல்லில் மிகச் சிறிய விளைவாவது தெரியத் தொடங்கும் என்று கேட்பது. சிடி28 ஏற்பிகளில் எத்தனை சதவீதத்தை மருந்து பிடித்துக்கொள்ளும் என்று கணக்கிட்டால், 0.1 மில்லிகிராமிலேயே சுமார் 90 சதவீதம் நிரம்பிவிடும் என்று பின்னர் சொன்னார்கள். முதல் மனிதருக்கான முதல் சொட்டே ஏறக்குறைய முழு வீச்சு. இந்த வழியில் போயிருந்தால் தொடக்க அளவு கிலோவுக்கு 0.001 மில்லிகிராம் போல, அதாவது கொடுத்ததில் நூறில் ஒரு பங்காக இருந்திருக்கும்.

பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டது.

மார்ச் 13: நடந்தது என்ன

காலை எட்டு மணி அளவில் முதல் நபருக்கு மருந்து ஏற்றினார்கள். ஏற்றி முடிக்க சில நிமிடங்கள்தான். பத்து நிமிட இடைவெளியில் அடுத்தவர். அப்புறம் அடுத்தவர். எட்டுப் பேருக்கும் முடிக்க ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியது.

இந்தப் பத்து நிமிடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் நபருக்குத் தலைவலி தொடங்கியது சுமார் ஒரு மணி நேரம் கழித்து. அதற்குள் ஆறு பேர் உடலிலும் மருந்து முழுதாகச் சேர்ந்துவிட்டது. ஏற்றிய மருந்தைத் திரும்ப எடுக்க வழி கிடையாது. முதல் நபருக்குப் போட்டுவிட்டு ஒரே ஒரு நாள் காத்திருந்தால் ஐந்து பேர் இந்தப் பட்டியலில் இருந்திருக்க மாட்டார்கள். மரபணு வேறுபாடு பற்றி நான் இந்தக் கட்டுரையில் எழுதுவது எல்லாம் அன்று பெரும்பாலோர் அறியாதது. ஆனால் காத்திருப்பதற்கு அந்த அறிவு எதுவும் தேவையில்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தொண்ணூறு நிமிடத்துக்குள் ஆறு பேருக்கும் அறிகுறி வந்துவிட்டது. கடுமையான தலைவலி, இடுப்பிலும் தசைகளிலும் வலி, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். தோல் சிவந்தது, ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கியது. ரத்த மாதிரிகளைப் பின்னர் சோதித்தபோது, முதல் ஒரு மணி நேரத்திலேயே டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சித் தூதுப் பொருள் மளமளவென்று ஏறியிருந்தது தெரிந்தது. அதைத் தொடர்ந்து காமா இன்டர்ஃபெரானும் இன்டர்லூகின்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. சைட்டோகைன் புயல் என்ற பெயரைக் கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிவிட்டோம். இங்கே அதைத் தொடங்கிவைக்க எந்தக் கிருமியும் இல்லை.

மருந்து ஏறிய 12 முதல் 16 மணி நேரத்துக்குள் நிலைமை மோசமானது. நுரையீரலில் நீர் கோத்தது, சிறுநீரகம் செயலிழந்தது, ரத்தம் உறையும் ஒழுங்கு குலைந்தது. ஒரு நாளுக்குள் ரத்தத்தில் லிம்ஃபோசைட்டுகள் (டி செல்கள் இந்த வகை), மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் ஏறக்குறைய காணாமல் போயின. டி செல்கள் பெருகும் என்று எதிர்பார்த்த மருந்து இது. அப்படியிருக்க, ரத்தத்தில் தேடினால் டி செல்லே இல்லை.

சிகிச்சையும் உடனடி முடிவுகளும்

ஆறு பேரும் அதே வளாகத்தில் இருந்த அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கிருந்த மருத்துவர்கள் முன்னால் ஒரு வழிகாட்டி நூல்கூட இல்லை. இப்படி ஒரு நோயை, இத்தனை பேருக்கு ஒரே நேரத்தில், யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு உறுப்பையும் தாங்கிப் பிடிப்பதை முதல் வேலையாகக் கொண்டார்கள். சுவாச உதவி, ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்துகள், ரத்தச் சுத்திகரிப்பு. கூடவே அதிக அளவில் ஸ்டீராய்டு. அடுத்து, டி செல்களை மேலும் உசுப்பும் இன்டர்லூகின்-2 சமிக்ஞையை மறிக்கும் ஆன்டிபாடி ஒன்று. இந்தக் கடைசி முடிவு துணிச்சலானது. ஒரு ஆன்டிபாடியால் வந்த கேட்டைத் தணிக்க இன்னொரு ஆன்டிபாடி. டி செல்தான் மூலம் என்று சரியாக ஊகித்து எடுத்த முடிவு அது.

நான்கு பேர் ஒப்பீட்டளவில் விரைவாகத் தேறினார்கள். இருவருக்கு அதிர்ச்சி நிலையும் நுரையீரல் செயலிழப்பும் நீடித்தன. ஒருவருக்கு 8 நாள், இன்னொருவருக்கு 16 நாள் உறுப்புகளைத் தாங்கும் சிகிச்சை தேவைப்பட்டது. ஆறு பேரும் பிழைத்தார்கள். ஆனால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர், ரத்த ஓட்டம் நின்று கருகிப்போன கால் விரல்களையும் கை விரல்களின் நுனிகளையும் இழந்தார். இந்தச் சோதனையில் பங்கெடுத்ததற்காக ஒவ்வொருவருக்கும் பேசப்பட்ட தொகை சுமார் 2,000 பவுண்டு.

விசாரணை எங்கே தொடங்கியது

முதல் சந்தேகம் எல்லாருக்கும் வரும் சந்தேகம்தான்: மருந்தில் ஏதோ கலந்துவிட்டது, அல்லது அளவு தவறிவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தது. பாக்டீரியா நச்சு இல்லை, தயாரிப்பில் தவறில்லை, அளவிலும் தவறில்லை. சோதனைத் திட்டத்தில் எழுதியபடிதான் கொடுத்திருக்கிறார்கள். மனித உடலில் இந்த மருந்தின் செயல்பாடே முன்கூட்டிக் கணிக்கப்படாத ஒன்றாக இருந்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு வகையில் இது மற்ற எந்த முடிவைவிடவும் கவலைக்குரியது. எல்லாம் விதிப்படி நடந்தும் இது நடந்திருக்கிறது.

கார்டன் டஃப் தலைமையில் அமைந்த நிபுணர் குழு அந்த ஆண்டு டிசம்பரில் 22 பரிந்துரைகளுடன் அறிக்கை கொடுத்தது. டெஜெனெரோ நிறுவனம் அதற்குள் திவாலாகிவிட்டது.

காய்ந்த கிணறுகள் சொன்னது

அடுத்த படி லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பாரில் உள்ள உயிரியல் தரக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆய்வகத்தில். நல்ல மனித ரத்தத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, மருந்தைக் கலந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ரத்தச் செல்களைத் தனியாகப் பிரித்து, மருந்தைக் கரைசலாக ஊற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அமைதி. ஆறு பேரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோன மருந்து, கண்ணாடிக் குழாயில் சாதுவாகக் கிடந்தது. சோதனைக்கு முன் மனிதச் செல்களில் பார்த்திருந்தாலும் இதே அமைதிதான் கிடைத்திருக்கும்!

பிறகு ஒரு எளிய மாற்றம் செய்தார்கள். ஆய்வகத்தில் பயன்படும் பிளாஸ்டிக் தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும், கிணறு என்றே அவற்றைச் சொல்வார்கள். மருந்தை அந்தக் கிணற்றின் அடியில் ஊற்றி, காற்றில் காயவிட்டார்கள். ஆன்டிபாடி பிளாஸ்டிக்கில் படிந்து நிலையாக ஒட்டிக்கொண்டது. அதன் மேல் மனிதச் செல்களை விட்டார்கள். இப்போது செல்கள் வெறிகொண்டு பெருகின, சைட்டோகைன்களைக் கொட்டின. மார்ச் 13 அந்தச் சிறு குழிக்குள் மறுபடி நிகழ்ந்தது.

ஏன் அப்படி? உடலுக்குள் இந்த ஆன்டிபாடி சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. அதன் வால்பகுதியை வேறு செல்கள் பிடித்து நிறுத்துகின்றன. அப்படி நிறுத்தப்பட்ட நிலையில் பல சிடி28களை ஒரே இடத்தில் கொத்தாகச் சேர்க்கிறது. கரைசலில் மிதக்கும்போது அந்தப் பிடிமானம் இல்லை.

அடுத்து அதே காய்ந்த கிணற்றில் நீள்வால் மக்காக்கின் செல்களை விட்டார்கள். பதில் இல்லை. ஆக, சோதனை முறையில் இருந்த ஓட்டை ஒன்று, இனங்களுக்கு இடையே இருந்த வேறுபாடு ஒன்று என்று இரண்டு உண்மைகள் பிரிந்து தெரிந்தன. இரண்டாவதுக்குக் காரணம் தேட வேண்டியிருந்தது.

வேறுபாடு எங்கே ஒளிந்திருந்தது

2010இல் அதே ஆய்வகத்தினர் வெளியிட்ட முடிவு இந்த நிகழ்வின் மையம். டி செல் ஒரு கிருமியைச் சந்தித்து, போராடி, நினைவை வைத்துக்கொண்டு வாழும்போது பல கட்டங்களைக் கடக்கிறது. அனுபவம் முற்றி, உடனே பாயத் தயாராக இருக்கும் ‘செயல் நினைவு’ டி செல் என்ற கட்டம் ஒன்று உண்டு. சிடி4 வகையைச் சேர்ந்த இந்தச் செல்கள் ஒரு சமிக்ஞை கிடைத்ததும் சைட்டோகைன்களைப் பொழியக்கூடியவை. மனிதரில் இவற்றின் மேல் சிடி28 இருக்கிறது. மக்காக் குரங்கில் அந்தக் கட்டத்துக்கு வரும்போது செல் சிடி28ஐ உதிர்த்துவிடுகிறது.

அவ்வளவுதான் விஷயம். மரபணு ஒன்றே, புரதத்தின் வரிசை ஒன்றே. அந்த மரபணுவை எந்தச் செல்லில் எப்போது அணைப்பது என்ற ஏற்பாடு மட்டும் வேறு. குரங்கில் மிக ஆபத்தான செல்லிடம் மருந்துக்குப் பிடி கிடையாது. மனிதரில் அதே செல்தான் முதலில் பற்றிக்கொள்கிறது. வரிசைகளை எத்தனை முறை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலும் இது தெரியாது. செல்லை எடுத்து, அதன் கட்டத்தைக் குறித்து, மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

எலிகள் ஏன் ஏமாற்றின என்பதற்கும் இங்கிருந்தே ஒரு வெளிச்சம். ஆய்வகக் கூண்டில், கிருமி அண்டாத சூழலில் வளர்ந்த எலியின் உடலில் நினைவு டி செல்களே குறைவு. இருபது முப்பது வருடம் சளி, காய்ச்சல், அம்மை, தடுப்பூசி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்ட மனிதரின் உடல் அப்படி இல்லை. கட்டுப்படுத்தும் செல்கள் எலியில் வென்றன. மனிதரில் அவை தலையெடுக்கும் முன்பே நினைவுச் செல்கள் புயலைக் கிளப்பிவிட்டன.

இன்னொரு விளக்கம், அதன் எல்லை

இதே 2006இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் அஜித் வர்க்கியின் குழு வேறொரு வேறுபாட்டை வெளியிட்டது. சிக்லெக் என்ற புரதக் குடும்பம் செல்லின் வேகத்தைக் குறைக்கும் தடையாக வேலை செய்கிறது. சிம்பன்சி, போனபோ, கொரில்லா ஆகியவற்றின் டி செல்களில் சிக்லெக்குகள் இருக்கின்றன. மனித டி செல்களில் அவை மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. மனித டி செல்லில் சிக்லெக்-5ஐ வரவழைத்தால் அது அடங்குகிறது. சிம்பன்சி செல்லில் அந்தத் தடையை நீக்கினால் அது துள்ளுகிறது. நம் பரிணாமப் பாதையில் எங்கோ இந்தத் தடையைத் தொலைத்துவிட்டோம். லண்டன் நிகழ்வுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று அந்தக் குழு சொன்னது.

இந்த விளக்கம் என்னை ஈர்ப்பது. எச்ஐவி தொற்றிய சிம்பன்சிகள் பெரும்பாலும் எய்ட்ஸ் நிலைக்குப் போவதில்லை என்பதோடு சேர்த்து வைத்துப் பார்த்தால், நம் டி செல்கள் மற்ற வாலில்லாக் குரங்குகளுடையதைவிடச் சட்டென்று கொதிப்பவை என்று ஒரு சித்திரம் கிடைக்கிறது. ஆனால் லண்டனில் சோதிக்கப்பட்ட விலங்கு சிம்பன்சி அல்ல, மக்காக். மக்காக் நம்மிடமிருந்து பிரிந்து சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இந்த நிகழ்வுக்கு மட்டும் என்றால், சிடி28 உதிர்வதைப் பற்றிய 2010 விளக்கத்துக்கே நான் அதிக எடை கொடுப்பேன்.

நோயெதிர்ப்பு மரபணுக்கள் மட்டும் ஏன் இப்படி என்று கேட்கலாம். கண்ணுக்கோ ஈரலுக்கோ வேண்டிய மரபணுக்கள் பெரும்பாலும் மெதுவாக மாறுகின்றன. கிருமியோடு மல்லுக்கட்டும் மரபணுக்களுக்கு அந்த நிதானம் வாய்ப்பதில்லை. கிருமி மாற மாற இவையும் மாற வேண்டும். ஒவ்வொரு இனமும் சந்தித்த கிருமிகளின் வரலாறு வேறு. டிரிம்5 ஆல்ஃபா என்ற புரதம் நல்ல எடுத்துக்காட்டு. மக்காக் வகையைச் சேர்ந்த ரீசஸ் குரங்கின் டிரிம்5 ஆல்ஃபா எச்ஐவி-1 செல்லுக்குள் நுழைந்த கையோடு அதை மடக்கிவிடுகிறது. மனிதருடையதால் அது முடிவதில்லை. இது 2004இல் வெளியானது, லண்டன் சோதனைக்கு இரண்டு ஆண்டு முன்பு. திசுப் பொருத்த மரபணுக்களிலும் அப்படியே. அவற்றின் முதல் வகுப்பில் நம்மிடம் முக்கியமாக ஏ, பி, சி என்று மூன்று. மக்காக்கிடம் ஏ, பி இரண்டும் பல நகல்களாகப் பெருகிக் கிடக்கின்றன, சி இல்லவே இல்லை. நோயெதிர்ப்பு என்று வந்தால் குரங்கு நம் தம்பி அல்ல, தூரத்துச் சொந்தம் என்று எண்ணுவதற்குப் போதிய காரணங்கள் 2006இலேயே மேசை மேல் இருந்தன.

மாறியவையும் மாறியிருக்க வேண்டியவையும்

2007இல் ஐரோப்பிய மருந்து முகமை, மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கும் மருந்துகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆபத்து அதிகமுள்ள மருந்துகளுக்குத் ‘தீங்கு தராத அளவு’ மட்டும் போதாது, மனிதச் செல்லில் மிகக் குறைந்த விளைவைத் தரும் அளவிலிருந்து தொடங்க வேண்டும் என்றது. ஒருவருக்குக் கொடுத்து, பார்த்து, அதன் பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் நடைமுறையானது. காய்ந்த கிணற்றுச் சோதனையும் அதன் வழிவந்த வேறு முறைகளும் இத்தகைய ஆன்டிபாடிகளைச் சலித்தெடுக்கப் பயன்படத் தொடங்கின.

இன்று அதே கோப்பு என் முன் வந்தால் நான் கேட்கக்கூடியவை வேறு. ஏற்பியின் வரிசை ஒப்பீட்டை ஒரு பக்கமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு டி செல் கட்டத்திலும் அந்த ஏற்பி இரண்டு இனத்திலும் இருக்கிறதா என்ற அட்டவணையைக் கேட்பேன். விலங்கில் ஒன்றும் நடக்கவில்லை என்ற முடிவை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மருந்து விலங்கில் தன் வேலையையாவது செய்ததா? செய்யவில்லை என்றால் பாதகமில்லை என்ற சொல்லுக்கே அங்கு பொருளில்லை. அப்புறம், இதே வழியில் டி செல்லைத் தூண்டிய பழைய மருந்துகளின் கதையையும் எடுத்து வைக்கச் சொல்வேன். உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு 1980களிலிருந்து தரப்பட்ட, டி செல்லின் இன்னொரு புரதமான சிடி3ஐப் பிடிக்கும் ஆன்டிபாடியின் முதல் ஊசியிலேயே சைட்டோகைன்கள் பொங்குவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி.

பிற்காலத்தில்

அந்த ஆன்டிபாடி அத்தோடு முடியவில்லை. வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் ரத்த டி செல்கள் ஏன் குழாயில் மௌனமாக இருந்தன என்பதைத் தொடர்ந்து தேடினார்கள். உடல் திசுக்களில் மற்ற செல்களோடு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்போது டி செல்லுக்கு இடையறாத மெல்லிய தூண்டல் கிடைக்கிறது, ரத்தத்தில் தனியாக மிதக்கும்போது அது தணிந்துவிடுகிறது என்று கண்டார்கள். ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை இரண்டு நாள் நெருக்கமாக வளர்த்துவிட்டுச் சோதித்தால், கரைசலில் உள்ள மருந்துக்கே அவை பதில் சொல்லின. 2011இல் அதை வெளியிட்டார்கள்.

அந்த முறையை வைத்து எவ்வளவு குறைத்தால் கட்டுப்படுத்தும் செல்கள் மட்டும் விழிக்கும் என்று கணக்கிட்டார்கள். பிறகு ரஷ்யாவில், டேப்08 என்ற புதிய பெயரில் அதே மருந்து ஆரோக்கியமானவர்களுக்கு மறுபடி கொடுக்கப்பட்டது. தொடக்க அளவு கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம், லண்டனில் கொடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. படிப்படியாக 7 மைக்ரோகிராம் வரை ஏற்றினார்கள். ரத்தத்தில் அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10 கூடியது. புயலைக் கிளப்பும் சைட்டோகைன்கள் கூடவில்லை. எலியில் கண்ட நன்மையின் சாயல் மனிதரில் முதன்முறையாகத் தெரிந்தது. அளவை முடிவு செய்ய இம்முறை அவர்கள் நம்பியது குரங்கை அல்ல, மனிதச் செல்லை.